ரைசன் 5 7600: வீட்டிலேயே கணினி கட்டுபவர்களுக்கு

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் மேல்மாடிக் கடையில் வாங்கிய ஏஎம்டி ரைசன் 5 7600 சிப்பை (கணினியின் மூளையான பிராசசர்) வைத்து, யீஷூன் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் மகளுக்குக் கணினி கட்டினேன். ரொம்பப் பிடித்துவிட்டது. 6 கோர் (கணக்குப் போடும் பகுதிகள்), வெப்ப அளவு 65 வாட்தான். பெட்டியோடு வரும் விசிறியே போதும், தனியாகக் காசு போட வேண்டாம். கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. பாடத்துக்கும் படத்துக்கும் சரி, பெரிய கேம்களுக்குப் பத்தாது.

இந்தச் சிப் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் ஊசிகள் மதர்போர்டில்தான் (எல்லாப் பாகங்களும் சேரும் பலகை) இருக்கும், சிப்பில் இல்லை. சிப்பிலும் சாக்கெட்டிலும் உள்ள மூலை முக்கோணங்களைச் சேர்த்துப் பார்த்து மெதுவாக வையுங்கள், அழுத்தவே கூடாது. அப்புறம், முதல்முறை பவர் போட்டதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 மெமரியைச் சோதித்துச் சரிசெய்துகொள்கிற நேரம் அது; பதறி அணைத்துவிடாதீர்கள். முந்தைய தலைமுறை டிடிஆர்4 இதில் சேராது, பழைய மெமரியை நம்பி இறங்க வேண்டாம்.