நாய் வீடா, பூனை வீடா? எடின்பரோவை நடந்து பார்க்க எது தோது

வெளியூர் போகிறவர்களின் வீட்டில் தங்கி, அவர்கள் வளர்க்கும் பிராணியைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் அந்த ஊரைச் சுற்றுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வாடகை கிடையாது, சம்பளமும் கிடையாது. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் இரண்டு முறை இப்படித் தங்கியிருக்கிறேன். முதலில் ஸ்டாக்பிரிட்ஜில் ஏழு வயது லாப்ரடாருடன். அடுத்து லீத்தில் ஒரு பூனையுடன். எந்த வீட்டை ஒப்புக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து ஊரே வேறாகிவிடுகிறது.

முதலில் நேரக் கணக்கு. வளர்ந்த நாயானாலும் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடக்கூடாது என்பது பிரிட்டனில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நாயை விட்டுவிட்டுக் கிளம்பினால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. பூனைக்குக் காலையில் சாப்பாடும் தண்ணீரும் வைத்து, மணல் தட்டைச் சுத்தம் செய்துவிட்டால் மாலை ஆறு வரை நாள் முழுக்க நம்முடையது.

அந்த நீண்ட பகலால்தான் கிராமண்ட் தீவுக்குப் போக முடிந்தது. லீத்திலிருந்து கடலோரமாக நியூஹேவன், கிரான்டன் வழியாக எட்டு கிலோமீட்டர் போல நடை. கடல் வற்றும்போது மட்டும் தீவுக்குப் பாதை திறக்கும். கடல் மிகவும் வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் இரண்டு மணி பின்னும்தான் கடக்கலாம். கரையில் அன்றைய நேரத்தை எழுதி வைத்திருப்பார்கள். பாதை நெடுக, இரண்டாம் உலகப் போரில் படகுகளைத் தடுக்க நட்ட கான்கிரீட் தூண்கள் பற்கள் போல வரிசையாக நிற்கின்றன. வீட்டில் நாய் காத்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது.

பூனைக்கு இன்னொரு சாதகம், ராயல் பொட்டானிக் கார்டன். 28 ஹெக்டேர், தோட்டத்துக்குக் கட்டணமில்லை, ஆனால் உதவி நாய்களைத் தவிர மற்ற நாய்களுக்கு அனுமதியில்லை. தினமும் எதிரிலிருக்கும் இன்வர்லீத் பூங்காவில் லாப்ரடாருடன் நடந்துவிட்டு, தோட்டத்தின் வாசலை வெளியிலிருந்தே பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் என் ஓட்டு நாய்க்குத்தான். காரணம் வாட்டர் ஆஃப் லீத் ஆறு. ஸ்டாக்பிரிட்ஜ் பாலத்துக்கருகே ஆற்றுக்குள் இரும்பால் வார்த்த ஆள் ஒருவர் நிற்கிறார். சிற்பி ஆண்டனி கோர்ம்லி 2010இல் இந்த ஆற்றை ஒட்டி வைத்த ஆறு சிலைகளில் ஒன்று. முதல் நாள் அதைப் பார்த்து நாய் உறுமியது. மூன்றாம் நாள் கண்டுகொள்ளவே இல்லை. நான்தான் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் காலையில் தண்ணீர் அவர் கணுக்காலில், இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் முழங்காலில். ஆறு பிறக்கும் பென்ட்லண்ட் மலையில் பெய்கிற மழை எத்தனை சீக்கிரம் ஊருக்குள் வந்து சேர்கிறது என்பதை அவர் காலை வைத்தே தெரிந்துகொண்டேன். பூனை வீட்டிலிருந்தபோது அந்தச் சிலைகள் ஆறையும் ஒரே நாளில், முதல் சிலை இருக்கும் நவீனக் கலைக்கூட வாசலிலிருந்து லீத் துறைமுகம் வரை, நடந்து பார்த்து முடித்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். எந்தச் சிலைக்கு எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மனிதர்களும் அப்படித்தான். நாயோடு போனால் எதிரில் வருகிறவர் முதலில் நாயிடம் பேசுவார், பிறகு நம்மிடம். நாலைந்து நாளில் டீன் வில்லேஜ் பாதையில் எனக்கு வணக்கம் சொல்லும் முகங்கள் கிடைத்துவிட்டன. பூனையோடு இருந்த பத்து நாளில் கடைக்காரர்களைத் தவிர யாரிடமும் பேசியதாக நினைவில்லை.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்தாகிவிடும், எந்த வீடானாலும் நடக்க வெளிச்சம் உண்டு. டிசம்பரில் மூன்றே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். காலையும் மாலையும் இருட்டில், ஈரக் கல்தரையில், நாயை இழுத்துக்கொண்டு போகவேண்டும். குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த மாதங்களில் பூனை வீட்டையே எடுக்கலாம். நாய் அசிங்கம் செய்ததை அள்ளாமல் விட்டால் 80 பவுண்டு அபராதம், பை இல்லாமல் இறங்காதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு ஒன்று: அந்த விசாவில் வேலை செய்யக்கூடாது. தங்க இடம் வாங்கிக்கொண்டு பிராணியைப் பார்ப்பதையும் அதிகாரிகள் வேலையாக எடுத்துக்கொள்ளக்கூடும். நான் பிரிட்டனில் குடியிருப்பவள், எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் விசாரிக்காமல் கிளம்பவேண்டாம்.

மூன்று நான்கு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் பூனை வீடு. ஒரு வாரத்துக்கு மேல் என்றால், அதுவும் ஸ்டாக்பிரிட்ஜ் பக்கம் என்றால், யோசிக்காமல் நாய் வீட்டைக் கேளுங்கள். அந்த லாப்ரடாரின் வீட்டார் ஏப்ரலில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன்.