விசிபிள்: அவுட் ஆன் டெலிவிஷன் – எந்தப் பகுதியில் தொடங்கலாம்?

2020 பிப்ரவரியில் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் வந்த ஐந்து பகுதி ஆவணத் தொடர். இயக்கம் ரயன் வைட். செனட்டர் மெக்கார்த்திக்கும் ராணுவத்துக்கும் நடந்த மோதல் பற்றிய 1954 விசாரணை ஒளிபரப்பில் தொடங்கி, அமெரிக்க டிவி பால்புதுமையினரை (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் உள்ளிட்டோரை) எப்படி ஒளித்தது, எப்படிக் காட்டியது என்று சொல்கிறது. சித்திரை பிறந்தால் மட்டும் கூவாகத்துக்குக் கேமராவோடு ஓடும் சேனல்களைப் பார்த்துப் பழகிய கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் பல இடங்கள் புதிதாக இருக்காது. 1967இல் சிபிஎஸ் சேனல் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி எடுத்த நிகழ்ச்சியில், பேட்டி கொடுத்தவரின் முகத்தைத் தொட்டிச் செடி இலைக்குப் பின்னால் மறைத்திருந்தார்கள்!

சேனல்கள் மனமிரங்கி எதையும் கொடுத்துவிடவில்லை, பால்புதுமையினர் மல்லுக்கட்டித்தான் வாங்கினார்கள். 1973 டிசம்பரில் தன்பாலீர்ப்பாளர் உரிமைப் போராளி மார்க் சீகல் மாணவ நிருபர் என்று சொல்லி சிபிஎஸ் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். வால்டர் கிராங்கைட் நேரலையில் செய்தி வாசிக்கும்போதே பதாகையோடு கேமராவுக்குக் குறுக்கே போய் உட்கார்ந்தார். கிராங்கைட் காது கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

நேரமில்லாதவர்கள் எய்ட்ஸ் காலத்தைச் சொல்லும் மூன்றாம் பகுதியை மட்டுமாவது பாருங்கள். எச்ஐவியோடு எம்டிவி ரியாலிட்டி ஷோவில் வாழ்ந்துகாட்டிய பெட்ரோ சமோரா, அதன் கடைசிப் பகுதி ஒளிபரப்பான மறுநாள், 1994 நவம்பர் 11இல், 22 வயதில் இறந்தார். நகைச்சுவை நடிகை எல்லன் டிஜெனரஸ் கதையும் லேசானதல்ல. 1997 ஏப்ரல் 30இல் 'எல்லன்' தொடரில் அவருடைய பாத்திரம் தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்னதைச் சுமார் 4.2 கோடி பேர் பார்த்தார்கள். மறுவருடமே தொடரை நிறுத்திவிட்டார்கள்.

கடைசிப் பகுதி சவசவ. ஆளாளுக்கு வந்து பாராட்டிவிட்டுப் போகிறார்கள். தலைப்பே டிவி என்பதால் சினிமா வரலாறும் கிடைக்காது. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டைக் கட்டிப்போட்ட தணிக்கை விதிகளைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முத்தியால்பேட்டை மொட்டைமாடியில் நண்பர்களோடு போட நினைத்தால் ஒரு விஷயம்: பழைய ப்ரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வர்ட்டர் மாட்டினால் சத்தம் வந்தாலும் படம் கறுப்பாகவே நிற்கக்கூடும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டை அந்தக் கன்வர்ட்டர் ஏற்காது. நேரடி எச்டிஎம்ஐ உள்ள ப்ரொஜெக்டராக வாடகைக்கு எடுங்கள். பழைய காட்சிகளில் குரல் மங்கல், வசனவரியை ஓடவிடுங்கள். ஹால் பிடித்து டிக்கெட் போடுவதற்கு வீட்டுச் சந்தா செல்லாது, தனி அனுமதி வேண்டும்.