புல்தரையா, சரளைக்கல்லா, மூடாக்கிட்ட புதர்ச்செடிகளா? குறைந்த நீரில் வீட்டுத் தோட்டம்

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் நீர்ச் செலவைக் குறைக்க விரும்புவோர் பலர், புல்தரையை அகற்றிவிட்டுச் சரளைக்கல் பரப்புவதையே முதலில் நினைக்கிறார்கள். நீர்க் கணக்கை மட்டும் பார்த்தால் அது சரியாகவே தோன்றும். வெயில் கடுமையான நாட்களில் புல்தரை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை இழக்கக்கூடும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர் ஆதலால், 100 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் தேவைப்படும். குழந்தைகள் ஓடியாடும் இடம் என்றால் இந்தச் செலவு தகும். யாரும் கால் வைக்காத ஓரங்களுக்கும் சரிவுகளுக்கும் இவ்வளவு நீரைக் கொடுப்பது வீண்.

சரளைக்கல்லுக்கு நீர் வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கும் கற்கள் மாலைக்குப் பின் அதை வெளிவிடுவதால், அருகிலுள்ள சுவர் நெடுநேரம் தணியாது. இடையில் நட்ட செடிகளும் அந்தச் சூட்டைத் தாங்கக் கூடுதல் நீர் கேட்கும். அடியில் விரிக்கும் களைத்தடுப்புத் துணியும் நிலையான தீர்வு அன்று. காற்று கொண்டுவரும் தூசியும் சருகும் கற்களிடையே படிந்து மண்ணாகி, அந்த மண்ணிலேயே களை முளைத்துவிடும். செயற்கைப் புல்லோ நேரடி வெயிலில் வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவுக்குச் சுடும். அதைக் குளிர்விக்கவே நீர் தெளிக்க நேரிடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வட்டாரத்துக்கே உரிய, ஆழ வேர்விடும் புதர்ச்செடிகளை நட்டு, 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குச் சருகு அல்லது மரப்பட்டை மூடாக்கு இடுவதே இவற்றுள் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. மூடாக்கு மண்ணுக்கு நிழலாகி நீர் ஆவியாவதைக் குறைப்பதோடு, மட்கும்போது மண்ணின் நீர்ப்பிடிப்பையும் வளர்க்கிறது. பூவும் இலையும் பருவந்தோறும் மாறும் அழகு கற்பரப்பில் கிடைக்காது. வேர் இறங்கும்வரை, அதாவது முதல் ஓரிரு ஆண்டுகள், தவறாமல் நீர் பாய்ச்ச வேண்டும் என்பதுதான் இதன் குறை. பொறுமையிழந்து பலர் இந்தக் கட்டத்திலேயே கைவிட்டுவிடுவது வருத்தத்துக்குரியது. மூடாக்கு தண்டைத் தொட்டால் அழுகல் வரும்; சற்று விலக்கியே இட வேண்டும்.

1981இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் உருவான, குறைந்த நீரில் தோட்டம் அமைக்கும் 'செரிஸ்கேப்' முறையும் புல்லை அறவே ஒழிக்கச் சொல்லவில்லை. பயன்படும் அளவுக்கு அதைச் சுருக்கி, மண்ணைச் செழுமைப்படுத்தி, மூடாக்கிட்டு, செடிகளை நீர்த்தேவைக்கேற்ப வகைப்படுத்தி நடுவதையே வலியுறுத்துகிறது. அதிக நீர் கேட்கும் செடியையும் வறட்சி தாங்கும் செடியையும் ஒரே குழாயில் இணைத்தால், ஒன்று வாடும் அல்லது மற்றது அழுகும்.

நீர் பாய்ச்சும் முறையிலும் இதே கவனம் வேண்டும். தெளிப்பான் இறைக்கும் நீரில் ஒரு பகுதியைக் காற்றும் வெயிலும் கொண்டுபோய்விடும். சொட்டுநீர்க் குழாயில் பொருத்தி, மணிக்கு 2 முதல் 4 லிட்டர் விடும் சொட்டுவாய்களோ வேர்ப்பகுதியை மட்டும் நனைக்கும். கூரைநீரைப் பள்ளமான பாத்திகளுக்குத் திருப்புவது இன்னும் மேலானது: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர் நீர் இறங்கும். செடி வளர வளரச் சொட்டுவாயைத் தண்டிலிருந்து நகர்த்தி, கிளைகளின் விளிம்புக்கு நேர் கீழே அமைத்தால், வேர் அந்த நீரைத் தேடி அகலப் பரவும்.