பள்ளிக்கு அனுப்பாமல் பையனை வளர்க்கிறோம்: எங்கள் அனுபவம்

எங்கள் மகனை இரண்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. பாடத்திட்டம், டைம்டேபிள், டியூஷன் எதுவும் கிடையாது. அவன் எதைக் கேட்டானோ அதன் பின்னால் நாங்கள் போனோம். நிறையப் பேர் விசாரிக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். படிப்பைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எங்களைப் படுத்தியது அது இல்லை.

கோவையில் சிங்காநல்லூர் குளம் எங்களுக்குப் பக்கம். அங்கே நாமக்கோழி எது, தாழைக்கோழி எது என்று கேட்க ஆரம்பித்தான். பறவைக் கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால் எழுத்துக்கூட்டி ஆங்கிலம் வந்தது. குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய் அட்லஸ் கிழியும் அளவுக்குப் புரட்டினான். இதில் எங்கள் பங்கு, விடியற்காலையில் எழுந்து வண்டி எடுத்தது மட்டும்தான்.

கணக்கு அப்படி வரவில்லை. கூட்டல், கழித்தல் கடைக்குப் போய்வந்ததில் பழகிவிட்டது. பின்னம் என்றால் ஓடுவான். பிறகு தெருமுனைத் தச்சுப் பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்தான். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், முக்கால் இஞ்ச் பலகை என்றால் ஆறு நூல் என்று ஆசாரி அண்ணன் டேப்பில் காட்டியதும் பிடித்துக்கொண்டான். ஆனால் அல்ஜீப்ரா எந்தப் பட்டறையிலும் கிடைக்கவில்லை. குழந்தை தானாகவே எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும் என்பவர்களிடம் எனக்கு இந்த ஒரு இடத்தில் ஒப்புதல் இல்லை. பத்தாவது எழுத வேண்டும் என்று அவனுக்கே தோன்றிய பிறகுதான் புத்தகத்தோடு உட்காருகிறான்.

சர்டிஃபிகேட்டுக்கு வழி இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஒரு மொழியாவது சேர்த்து ஐந்து பாடங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. பதிவு ஐந்தாண்டு செல்லும், தேறாத பாடத்தை மட்டும் திரும்ப எழுதினால் போதும். பிறப்புச் சான்றிதழையும் பழைய பள்ளியின் டி.சி.யையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம்? 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. தவறினால் தண்டனை என்று அதில் இல்லை. வீட்டுக்கல்வி பற்றித் தனியாக ஒரு வார்த்தையும் இல்லை. அந்த வயதுக்குள் மனம் மாறினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. என் மாமியாரைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியது இந்த ஒன்றுதான்.

உண்மையான கஷ்டம் பகல் பொழுது. தெருப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து பையைப் போட்டதும் டியூஷனுக்கு ஓடிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போக, சம வயதில் ஆளே கிடையாது. அவனுக்கு நண்பர்கள் என்றால் பட்டறைக்காரர், பறவை பார்க்க வரும் கல்லூரிப் பையன்கள், ஒரு ரிட்டயர்டு தாத்தா. பெரியவர்களோடு நன்றாகப் பேசுகிறான் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

பணக் கணக்கும் சொல்ல வேண்டும். ஸ்கூல் ஃபீஸ் மிச்சம் என்பது பாதி உண்மை. நான் வேலையை விட்டேன், ஒரு சம்பளம் போனது. பிள்ளை வழியே போவது என்றால் பெரியவருக்கு ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். எந்த நேரத்தில் என்ன கேட்பான் என்று தெரியாததால் டீச்சர் வேலையைவிட இது அதிகம் பிழிகிறது. வீட்டுக்காரர் சனி, ஞாயிறு முழுக்க அவனைப் பார்த்துக்கொள்வதால்தான் என்னால் தாக்குப்பிடிக்க முடிகிறது.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் நான் இதைச் சொல்லமாட்டேன். திருவண்ணாமலைப் பக்கம் மருதம் பண்ணைப் பள்ளி மாதிரி, பிள்ளைகளை மண்ணிலும் மரத்திலும் விடுகிற சிறிய மாற்றுப் பள்ளிகளை முதலில் நேரில் போய்ப் பாருங்கள். அங்கே சேர்ந்து விளையாட ஆளாவது இருக்கும்.