குரலுக்காக வாங்க வேண்டிய படம்: வீட்டில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’

1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தை வீடியோ கெசட், விசிடி, டிவிடி, இணையம் என்று கைக்குக் கிடைத்த வடிவங்களில் எல்லாம் பல ஆண்டுகளாக வீட்டில் பார்த்து வருகிறேன். இந்தப் படத்தின் உயிர் குரலில் இருக்கிறது என்பதே இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட விடயம். ஆகவே, பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பவர் படத்தின் தெளிவைப் பார்ப்பதற்கு முன்பு ஒலியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கெசட் காலத்தில் இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் இப்படத்தைத் தனியாகப் பார்த்ததில்லை. திருவிழா, தீபாவளி நாட்களில் டெக்கும் (கெசட்டை ஓட்டும் கருவி) தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு வரும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் விடிய விடியப் படம் ஓடும். பின்னர் சொந்தமாக ஒரு கெசட் வாங்கியபோதுதான் மலைநாட்டின் ஈரம் அதற்கு எவ்வளவு பெரிய எதிரி என்பது தெரிந்தது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து மழை மாதங்களில் நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். அப்படியே ஓட்டினால் டெக்கின் தலைப்பகுதியில் அழுக்கு ஒட்டி, படம் முழுவதும் கோடு கோடாக விழும்.

கெசட்டில் வேறொரு குறையும் இருந்தது. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையோ 25 சட்டங்களில் ஓடுவது. படத்தை அந்த வேகத்துக்கு ஏற்றிப் பதிவு செய்தால் 200 நிமிடம் ஓட வேண்டியது 192 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலின் சுருதியும் சற்று மேலேறிவிடும். காதல் காட்சிகளில் இது பெரிதாகத் தெரியாது. கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் அடித்தொண்டையில் தொடங்கி உச்சத்துக்குக் கொண்டுபோகும் வசனங்களில், அடியில் இருக்க வேண்டிய கனம் குறைந்து கேட்கும். டிவிடி வந்து சரியான வேகத்தில் கேட்டபோதுதான் அந்தக் குரலின் முழுப் பருமனும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

விசிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இறுவட்டில் 74 முதல் 80 நிமிடம் வரைதான் அடங்கும் என்பதால் படம் மூன்றாக உடைந்தது. போர்க்களத்தில் குதிரைகள் பாயும் இடங்களில் எல்லாம் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. டிவிடி வாங்கும்போது கவனிக்க வேண்டியது, ஒரே வட்டில் மூன்று படங்களை அடைத்து விற்பதைத்தான். 4.7 ஜிபி கொள்ளளவில் மூன்று மணி நேரப் படங்கள் மூன்றைத் திணித்தால் ஒலியும் படமும் சேர்ந்தே பிழியப்படும். விலை கூடினாலும் இந்த ஒரு படம் மட்டுமே உள்ள வட்டைத்தான் எடுக்க வேண்டும்.

படம் கேவா கலர் என்ற வண்ணப் படச்சுருளில் எடுக்கப்பட்டு, டெக்னிக்கலர் பிரதிகளாக வெளிவந்தது. பழைய வட்டுகளில் சிவப்பு கசிந்து, அரசவைக் காட்சிகள் முழுவதும் செங்கல் நிறத்தில் கிடந்தன. 2015இல் டிஜிட்டல் முறையில் மீட்டெடுக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்த பிறகு, நல்ல நிறத்தில் பார்க்கும் வாய்ப்பு நமக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் இன்றைய அகலத் தொலைக்காட்சி இந்தப் படத்துக்குப் பொருந்தாது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான், அதற்கு முந்திய இப்படம் ஏறக்குறைய 4:3 அளவில் சட்டமிடப்பட்டது. திரையை நிரப்பும்படி இழுத்தால் முகங்கள் பருத்துவிடும், பெரிதாக்கினால் தலைப்பாகை வெட்டுப்படும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். 4:3 அமைப்பிலேயே பாருங்கள். ஒலிக்கருவியில் ‘சினிமா’, ‘சரவுண்ட்’ என்று இருப்பவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஒற்றைத் தடத்தில் பதிவான குரலை அவை நான்கு சுவருக்கும் சிதறடித்து, எதிரொலி சேர்த்து, சொற்களின் முனையை மழுக்கிவிடுகின்றன.

சொற்களின் முனை மழுங்கினால் என்ன போகிறது என்பதற்கு, ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் எதிர்த்துப் பேசும் காட்சியே போதும். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய அந்த வசனத்தை நம் பாடசாலைக் கலைவிழாக்களில் ஒப்புவிக்கும் பிள்ளைகள், முதல் வரியிலிருந்தே உரத்துக் கத்துவார்கள். சிவாஜி அப்படிச் செய்யவில்லை. தொடக்கத்தில் குரல் ஏறத்தாழ மரியாதையாகவே இருக்கிறது. ஏளனம் சொல்லின் ஈற்றில் மட்டும் இழைகிறது. பிறகு, நாற்று நடுவதிலிருந்து மஞ்சள் அரைப்பது வரை, எங்கள் உழைப்பில் உனக்கு என்ன பங்கு என்ற கேள்விகள் அடுக்கப்படும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் மூச்சு சற்றுக் கூடுகிறது, இடைவெளி சற்றுக் குறைகிறது. உதடு துடிப்பதும் மீசை அசைவதும் அந்த மூச்சுக்குப் பின்னால்தான் வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இந்தக் காட்சி குறைவதில்லை.

லயத்து வாசலில் இந்தக் காட்சி வரும்போது பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ குறைந்ததற்காக அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வாங்கிய கைகள் அவை. தோட்டத்து அதிகாரியான துரைக்கு முன்னால் நிமிர்ந்து பதில் சொல்லி அறியாத தலைமுறை அது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் தங்களை எந்தக் கரைக்குத் தள்ளப் போகிறது என்பதும் தெரியாமல் இருந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான் இப்படம் வெளிவந்தது. அவர்களுடைய முன்னோர் பலர் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த மௌனத்துக்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

படத்தின் நடிப்பு மிகை என்று இளையவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். காமன் கூத்து, அருச்சுனன் தபசு என்ற தோட்டத்துக் கூத்துகளை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது மிகையாகத் தெரிவதில்லை. சிறுவனாக இருந்தபோது பார்த்த கம்பளத்தார் கூத்தின் கட்டபொம்மனே தமக்கு நடிப்பு ஆசையைத் தூண்டியதாகச் சிவாஜி சொல்லியிருக்கிறார். படமாவதற்கு முன்பு இக்கதையை அவர் மேடை நாடகமாகவும் நடத்தினார். கூத்துக் களரியின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய குரலை ஒரு கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு மிகை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. 1960இல் கெய்ரோ ஆசிய - ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதை அவருக்குப் பெற்றுத் தந்ததும் இந்த நடிப்புத்தான்.

திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குள் வளர்ந்த காட்சி வேறொன்று. போருக்குப் புறப்படும் தளபதி வெள்ளையத்தேவனை, கெட்ட கனவு கண்டதாகச் சொல்லி மனைவி வெள்ளையம்மாள் தடுக்கும் பாட்டு அது. ஜெமினி கணேசனும் பத்மினியும் நடித்த அந்த இடத்தைக் கூட்டமாகப் பார்த்த நாட்களில் நான் கவனித்ததே இல்லை. வீட்டில் என் தாயார் அதை மட்டும் மறுபடியும் போடச் சொல்வார். ஒப்பாரி பாடத் தெரிந்தவர் அவர், இசையமைப்பாளர் ஜி. ராமநாதனின் மெட்டில் ஓர் இழுப்பு வரும்போது, தாமும் அதே மூச்சில் தலையை அசைப்பார்.

வரலாற்றுக்காக இப்படத்தை நம்புகிறவர்கள் நாடகத்தை நாடகமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனுக்கும் ஜாக்சனுக்கும் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்து, ஆங்கிலேயப் படையின் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த விசாரணைக்குப் பின் ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, அவருடைய இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். 1799 அக்டோபர் 16ஆம் திகதி கயத்தாறில் கட்டபொம்மனின் தூக்குத் தண்டனையை நிறைவேற்றியவர் மேஜர் பானர்மேன். நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் வசனம் எந்த ஆவணத்திலும் உள்ளதன்று, மேடைக்காக எழுதப்பட்டது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டே படத்தைப் போடுகிறேன்.

முதல் தடவை பார்ப்பவர்கள் ஜாக்சன் காட்சி முடிந்ததும் நிறுத்தி, மிகுதியை அடுத்த இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் இது. கடையில் வட்டு வாங்குவதாக இருந்தால், அந்த ஒரு காட்சியை அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் தாழ்ந்து வரும் வரிகள் இரைச்சலில் அமிழாமல் கேட்டால் வாங்கலாம்.