600 ரூபாய்க்கு ஐவ்ஸ்: ஒரு பழைய ரெக்கார்டு, கீறல்களோடு

முதலில் ரெக்கார்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸின் நான்காவது சிம்பொனி, லியோபால்ட் ஸ்டோகோவ்ஸ்கி இசைக்குழுவை நடத்தியது, கொலம்பியா வெளியீடு, 1965. சென்ட்ரல் பக்கம் பழைய ரெக்கார்டு விற்கும் ஒரு கடையில் 600 ரூபாய்க்குக் கிடைத்தது. இளையராஜா எல்பி எல்லாம் கண்ணாடி அலமாரியில் மேலே இருக்கிறது, அதன் விலையைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. இது தரையில், ஒரு பிஸ்கட் பெட்டிக்குள், மாக்ஸ்முல்லர் பவனில் எப்போதோ கழித்துக் கட்டியது மாதிரி தோன்றிய ஜெர்மன் ரெக்கார்டுகளுக்கு நடுவே கிடந்தது. "கீறல் இல்லையே அண்ணே?" என்றேன். "பிளேட் சூப்பரா இருக்கு சார், ஏதோ சர்ச் பாட்டு" என்றார். அவர் சொன்ன இரண்டில் ஒன்று உண்மை.

கீறல் இருந்தது. பூஞ்சையும் இருந்தது. உள்ளுறை கிடையாது, அட்டையின் ஓரம் பிரிந்து தொங்கியது. வீட்டுக்கு வந்து டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு டிஷ்வாஷ் விட்டு, நடு லேபிள் நனையாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய துணியால் சுற்றுவாட்டில் துடைத்தேன். இரண்டு தடவை. பாதி சத்தம் போனது. முதல் பக்கத்தில் ஓர் இடத்தில் ஊசி இன்னும் தாவுகிறது, அதற்கு வழியில்லை.

கடைக்காரர் அறியாமல் சொன்ன 'சர்ச் பாட்டு'தான் விஷயமே. ஐவ்ஸை அமெரிக்க நவீன இசையின் முன்னோடி, புரியாத ஆள், இரைச்சல் என்றெல்லாம் சொல்லித்தான் நமக்கு அறிமுகப்படுத்துவார்கள். நானும் அந்தப் பயத்தோடுதான் ஊசியை வைத்தேன். முதல் பகுதி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தூரத்தில் வைத்த வயலின்களும் ஹார்ப்பும் ஏதோ தெரிந்த மெட்டை முணுமுணுக்கின்றன. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "இது உம்மண்டை கர்த்தரே இல்ல?" என்றார். ஆமாம், அதேதான். நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் 'உம்மண்டை கர்த்தரே நான் சேரட்டும்' என்று அடக்க ஆராதனைகளில் பாடுவோமே, அந்த மெட்டு. அமெரிக்காவில் லோவல் மேசன் போட்டது. அம்மாவுக்கு ஐவ்ஸ் யாரென்று தெரியாது, அவருடைய காதுக்குத் தெரிந்திருக்கிறது.

ஐவ்ஸ் பிறந்தது 1874இல், கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊரில். அப்பா ஊர் பேண்டு மாஸ்டர். பையனை ஒரு சுருதியில் பாடவைத்து, தான் வேறொரு சுருதியில் வாசித்துக் காதைப் பழக்கியவர். யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பு, பிறகு நியூயார்க்கில் இன்சூரன்ஸ் தொழில், அதுவும் சும்மா இல்லை, பெரிய அளவில் ஏஜெண்டுகளை உருவாக்கிய கம்பெனி. இசையெல்லாம் ராத்திரியிலும் லீவு நாட்களிலும். (எங்கள் சித்தப்பா அண்ணா சாலை எல்ஐசியில் முப்பது வருஷம் இருந்தார், ராத்திரியில் அவர் எழுதியது வாசகர் கடிதம் மட்டும்தான்.)

இந்த சிம்பொனியின் முதல் இரண்டு பகுதிகளை 1927இல் ஒரு தடவை வாசித்தார்கள். முழுதாக மேடையேறியது 1965 ஏப்ரல் 26ஆம் தேதி, நியூயார்க் கார்னெகி ஹாலில். அதற்குள் ஐவ்ஸ் இறந்து 11 வருஷம் ஆகிவிட்டது. ஸ்டோகோவ்ஸ்கிக்கு அப்போது 83 வயது, கூடவே இரண்டு உதவி நடத்துநர்கள், ஏனென்றால் இசைக்குழுவின் ஒரு பகுதி ஒரு வேகத்திலும் இன்னொரு பகுதி வேறு வேகத்திலும் போகவேண்டும். அதே குழு உடனே ஒலிப்பதிவு செய்ததுதான் இந்த ரெக்கார்டு.

இரண்டாம் பகுதி எப்படி இருக்கும் என்று கேட்டால், டிசம்பர் மாதம் பெரம்பூர் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கொண்டு வீடுவீடாக, போயிருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரே தெருவில் இரண்டு சபைக் குழுக்கள் எதிரெதிரே வரும். இவர்கள் கீபோர்டு ஒரு சுருதி, அவர்கள் கித்தார் இன்னொரு சுருதி, நடுவில் ஒரு ஆட்டோ ஹாரன், யாரும் நிறுத்தமாட்டார்கள், நிறுத்தினால் தோற்ற மாதிரி. அது அப்படியே இங்கே இருக்கிறது, கால் சுரம் தள்ளிச் சுருதி கூட்டிய பியானோவோடு. ஆனால் இந்த ரெக்கார்டின் பலவீனமும் இங்கேதான். 1965இன் ஒலிப்பதிவில் அவ்வளவு அடுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துவிடுகிறது. பித்தளை வாத்தியங்கள் மட்டும் மேலே மிதக்கின்றன.

பக்கத்தைத் திருப்பினால் மூன்றாம் பகுதி, பளிச்சென்று ஒரு ஃபியூக், ஒரே மெட்டை ஒவ்வொரு வாத்தியமாக ஒன்றன்பின் ஒன்று பிடித்துக்கொண்டு போகிற வடிவம். இரைச்சல் கிடையாது. மெட்டு 'ஃப்ரம் கிரீன்லாந்ஸ் ஐஸி மவுண்டன்ஸ்' என்ற பழைய மிஷனரி பாட்டினுடையது. வார்த்தைகளை எழுதியவர் ரெஜினால்ட் ஹீபர், பிறகு கல்கத்தா பிஷப்பாகி, 1826இல் நம் திருச்சியில் குளிக்கப்போன இடத்தில் இறந்தாரே, அவரேதான். திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது, இங்கே கதீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்குச் சிற்பம்கூட உண்டு. பாட்டின் வார்த்தைகளில் எனக்கு ஒப்புதல் கிடையாது, இந்தியாவும் இலங்கையும் இருளில் கிடப்பதாக நினைத்து எழுதியவை. மெட்டு வேறு விஷயம்.

விமரிசகர்கள் ஐவ்ஸைப் படுத்திய பாடு தனிக்கதை. 1939இல் அவருடைய கான்கார்ட் சொனாட்டா என்ற பியானோ படைப்பை விமரிசகர் லாரன்ஸ் கில்மன் வானளாவப் புகழ்ந்தார். அதே வருஷம் இசையமைப்பாளர் எலியட் கார்ட்டர், சின்ன வயதில் ஐவ்ஸிடம் ஊக்கம் பெற்றவர், கடுமையாக எழுதினார், பழைய கையெழுத்துப் பிரதிகளில் ஐவ்ஸ் பின்னால் அபசுரக் காரத்தைக் கூட்டியிருப்பாரோ என்றும் கிளப்பிவிட்டார். 1947இல் மூன்றாவது சிம்பொனிக்குப் புலிட்சர் பரிசு வந்தது. 1987இல் இசை ஆய்வாளர் மேனார்ட் சாலமன் அந்தச் சந்தேகத்தைப் பெரிதாக்கினார்: எல்லோருக்கும் முன்னால் செய்ததாகக் காட்ட ஐவ்ஸ் தேதிகளை முன்தள்ளிப் போட்டாரா என்று. அப்புறம் இன்னொரு ஆய்வாளர் கேயில் ஷெர்வுட் இசைத்தாளின் வகையையும் கையெழுத்து மாறிய விதத்தையும் வைத்து ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். தேதிகள் பலவும் ஏறக்குறைய சரிதான், ஆனால் பின்னாளில் திருத்தியதும் நிறைய என்பது அதில் தெரியவந்தது. இந்த சிம்பொனியையும் ஐவ்ஸ் 1916இல் முடித்ததாகச் சொன்னாலும் 1920களிலும் கைவைத்திருக்கிறார். நானென்றால் ஆய்வாளர் பீட்டர் பர்க்ஹோல்டர் போன வழிதான் சரி என்பேன், அவர் யார் முந்தி என்ற பஞ்சாயத்தில் நிற்காமல், எந்த மெட்டை ஐவ்ஸ் எங்கிருந்து எடுத்து என்ன செய்தார் என்று நோண்டிப் பார்த்தார். பாமாலை பாடி வளர்ந்தவனுக்கு அதுதானே கேள்வி? மூன்றாம் பகுதியின் வேர் ஐவ்ஸ் மாணவனாக இருந்தபோது எழுதிய ஸ்ட்ரிங் குவார்டெட்டில், அதாவது நான்கு தந்தி வாத்தியங்களுக்கான படைப்பில், இருக்கிறது, அதில் தேதிச் சண்டைக்கே இடமில்லை.

நான்காம் பகுதி தாளக் கருவிகளோடு மிக மெதுவாகத் தொடங்கும். என் ரெக்கார்டில் எது டிரம், எது கீறல் என்று பிரிக்கமுடியாது, உண்மையைச் சொன்னால் முதல் தடவை கீறலையே ரசித்துவிட்டேன். கடைசியில் கோரஸ் வார்த்தையில்லாமல் பாட, அந்த 'உம்மண்டை' மெட்டு திரும்ப வந்து தேய்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு 600 ரூபாய் சரி.

தெளிவாகக் கேட்கவேண்டும் என்பவர்கள் நடத்துநர் மைக்கேல் டில்சன் தாமஸ் சிகாகோ குழுவோடு செய்ததைத் தேடுங்கள், அதில் மூல கீதங்களையும் கோரஸ் தனியாகப் பாடியிருக்கிறது. இன்னொரு நடத்துநர் டுடமெல் லாஸ் ஏஞ்சலஸில் செய்ததும் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது, மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம்.

கடைக்குப் போகிறவர்கள் டார்ச் எடுத்துப்போய் ரெக்கார்டைச் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். கவருக்குள்ளும் பாருங்கள். போன வாரம் அதே பெட்டியில் ஐவ்ஸின் இரண்டாவது சிம்பொனி, பெர்ன்ஸ்டைன் நடத்தியது, கண்ணில் பட்டது. ஆசையாக உருவினேன், உள்ளே இருந்தது கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ்.