கிருஷ்ணகிரியில் சினைப்பை முறுக்கு ஆபரேஷன்: ஐந்துக்கு நாலு

குறையும் எழுதப்போறதால ஆஸ்பத்திரி பேரை விட்டுடறேன். கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குக் கொஞ்ச தூரத்துல, ஒரு லேடி டாக்டர் நடத்தற சின்ன நர்சிங் ஹோம்.

தங்கச்சி பொண்ணு பர்கூர்ல காலேஜ் படிக்கிறா. ராத்திரி திடீர்னு வலது அடிவயித்துல வலி, கூடவே வாந்தி. குடல்வால்னுதான் எல்லாரும் நெனச்சோம். டாக்டரம்மா தானே ஸ்கேன் பாத்துட்டு, கட்டியோட சேந்து ஓவரி, அதாவது சினைப்பை, முறுக்கிக்கிட்டிருக்குன்னாங்க.

ரத்த ஓட்டம் பாக்கற டாப்ளர் ஸ்கேன்ல ஓட்டம் லேசா தெரிஞ்சது. "ஓட்டந்தான் இருக்கே, காலைல பெங்களூரு போயிடறோம்மா"ன்னாரு பொண்ணோட அப்பா. அதுக்கு அவங்க கோவப்படல, ஒரு பேப்பர்ல படம் போட்டாங்க. முறுக்கினதும் முதல்ல நசுங்கறது ரத்தத்தை வெளிய கொண்டுபோற சிரைதானாம்; உள்ள கொண்டுவர்ற தமனியோட சுவர் தடிமன், அது அடைபட நேரமாகும். உள்ள போற ரத்தம் வெளிய வர முடியாம ஓவரி வீங்கிக்கிட்டே போகும். அதனால டாப்ளரை நம்பி உக்காரக்கூடாது. "போறதா இருந்தா இப்பவே லெட்டர் தர்றேன். ஓசூர் தாண்டி டிராஃபிக்ல நிக்கற நேரத்தை மட்டும் யோசிச்சுக்குங்க"ன்னாங்க. இங்கயே செஞ்சோம்.

லேப்ராஸ்கோப்ல பாத்தப்ப ஓவரி கருநீலமா இருந்துச்சாம். முறுக்கை அவிழ்த்து, கட்டியை மட்டும் எடுத்துட்டு ஓவரியை விட்டுட்டாங்க. கருத்துப்போனா வெட்டி எடுக்கறது அந்தக் காலத்துப் பழக்கம். நிறத்தைப் பாத்து எடுக்காதீங்கன்னு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே வயசுப் பொண்ணுங்க விஷயத்துல 2019ல சொல்லியிருக்கு.

எனக்கு அவங்க மேல மதிப்பு வந்தது மறுநாள்தான். துபாய்ல இருக்கற எங்க கொழுந்தனார் பையன் போன்ல, "மெலடோனின் மாத்திரை குடுங்க பெரியம்மா, ரத்தம் திரும்பப் பாயறப்ப ஓவரி கெடாம காக்குமாம்"னு ஒரே நச்சரிப்பு. ரவுண்ட்ஸ்ல கேட்டேன். சிரிச்சு ஒதுக்கல. நின்ன ரத்தம் திரும்ப வர்றப்ப ஃப்ரீ ராடிக்கல் கிளம்பி திசுவைக் கெடுக்கறது நிஜம்தானாம். மெலடோனின், ஆக்ஸிடோசின், எரித்ரோபாய்டின்னு ஹார்மோன்களை எலிக்குக் குடுத்துப் பாத்ததுல சேதம் குறைஞ்சிருக்காம். "ஆனா பெரும்பாலும் முறுக்கை அவிழ்க்கறதுக்கு முன்னாடியே ஊசி போட்டுடறாங்கம்மா. இவளுக்கு அவிழ்த்தாச்சு. மனுஷங்களுக்கு இத்தனை குடுன்னு சொல்ற நிலைமைக்கு இன்னும் வரல. இப்ப குடுத்தா நல்லா தூங்குவா, அவ்வளவுதான்." கீழ அவங்களோட மெடிக்கல் ஷாப்பே இருக்கு, எழுதிக் குடுத்திருந்தா மறுபேச்சில்லாம வாங்கியிருப்போம்.

ஓவரியில முட்டை இருப்பு எவ்வளவுன்னு ரத்தத்துல பாக்கற ஏ.எம்.ஹெச். டெஸ்டும் வேண்டாம்னுட்டாங்க. இன்னொரு ஓவரி நல்லா இருக்கறதால, அந்த நம்பர் இந்தப் பக்கத்தைப் பத்தித் தனியா ஒண்ணும் சொல்லாதாம். பின்னாடி எடுத்த ஸ்கேன்ல அந்த ஓவரியிலயே முட்டைகள் வளர்றது தெரிஞ்சது, அது போதும்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, லிஃப்ட் இல்ல; ஆபரேஷன் ஆன பொண்ணு மாடிப்படி இறங்கணும். கூட இருக்கறவங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர்தான். ராத்திரி பில் கவுண்டர்ல இருந்த தம்பிக்குக் காப்பீட்டு அட்டையைப் பத்தி ஒண்ணுமே தெரியல. அட்டை வச்சிருக்கறவங்க அட்மிஷன் போடறப்பவே மேனேஜரைக் கூப்பிடச் சொல்லிடுங்க.